சிங்கப்பூரில் 55வது நகர்த்தல்

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரின் செந்தோசா தீவில் ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு சதுரங்கப் பலகை, இரண்டு பேர். வெள்ளைக் காய்களோடு சீனாவின் டிங் லிரென், வயது 32, உலகச் சாம்பியன். கறுப்புக் காய்களோடு சென்னையின் குகேஷ், வயது 18. பதினான்கு ஆட்டங்கள் கொண்ட போட்டியில் பதின்மூன்று முடிந்துவிட்டன. இருவருக்கும் தலா ஆறரைப் புள்ளிகள். மிச்சம் இருப்பது ஒரே ஓர் ஆட்டம்.

அந்த ஆட்டம் 55வது நகர்த்தலில் முடிவானது. டிங் தன் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். மூன்று நகர்த்தல்கள் கழித்துத் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தார். உலகத்துக்கு 18வது சாம்பியன் கிடைத்தார். அதே நாளில் ஒரு சர்ச்சையும் கிளம்பியது. "எதிராளி தவறு செய்ததால் கிடைத்த பட்டம்தானே? இது ஒரு வெற்றியா?" என்று பலர் கேட்டார்கள். முன்னாள் சாம்பியன்களே கூட ஆட்டத்தின் தரத்தைக் குறை சொன்னார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் அந்த ஒரு நகர்த்தலில் மட்டும் இல்லை. அதற்கு முந்தைய 54 நகர்த்தல்களிலும், அதற்கும் முந்தைய சில வருடங்களிலும் இருக்கிறது.

இரண்டு எண்கள்

சதுரங்கத்தில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு தரப்புள்ளி உண்டு. ரேட்டிங் என்று சொல்வார்கள். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாட் ஈலோ உருவாக்கிய முறை இது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970ல் இதை ஏற்றுக்கொண்டது. இருவரின் தரப்புள்ளி வித்தியாசத்தை வைத்து, அவர்கள் மோதினால் யார் எத்தனை புள்ளி எடுப்பார்கள் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

போட்டி தொடங்கியபோது குகேஷின் தரப்புள்ளி 2783. டிங்கின் தரப்புள்ளி 2728. வித்தியாசம் 55. கணக்குப்படி ஓர் ஆட்டத்துக்குக் குகேஷுக்குச் சராசரியாக 0.58 புள்ளி வரவேண்டும். பதினான்கு ஆட்டங்களுக்கு எட்டுப் புள்ளிக்குச் சற்று மேல். நிஜத்தில் அவர் எடுத்தது ஏழரை. அதாவது கணக்கு சொன்னதைவிட டிங் நன்றாகவே ஆடினார்!

இதைக் கவனிக்க வேண்டும். ஏனென்றால் போட்டிக்கு முன்பு டிங்கை யாருமே பெரிதாக மதிக்கவில்லை. 2023 ஏப்ரலில் கஜகஸ்தானின் அஸ்தானாவில் ரஷ்யாவின் நெப்போம்னியாச்சியை வென்று உலகச் சாம்பியன் ஆனவர் அவர். அதன் பிறகு மன அழுத்தத்தால் அவதிப்பட்டார். பல மாதங்கள் போட்டிகளில் இருந்து விலகி இருந்தார். அதை அவரே வெளிப்படையாகச் சொல்லியும் இருக்கிறார். 2024 ஜனவரிக்குப் பிறகு கிளாசிக்கல் எனப்படும் நீண்டநேர ஆட்டம் ஒன்றில்கூட அவர் வெல்லவில்லை. "குகேஷ் சுலபமாக ஜெயித்துவிடுவார்" என்றே பேச்சு இருந்தது.

ஆனால் இன்னொரு கணக்கும் இருந்தது. அதுவரை குகேஷ் டிங்கை ஒரு கிளாசிக்கல் ஆட்டத்தில்கூட வென்றதில்லை. மூன்று ஆட்டங்களில் டிங் இரண்டை வென்றிருந்தார், ஒன்று டிரா.

முதல் ஆட்டத்திலேயே அந்த இரண்டாவது கணக்கு நிஜமானது. கறுப்புக் காய்களோடு ஆடி டிங் வென்றார். மூன்றாவது ஆட்டத்தில் குகேஷ் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு ஏழு ஆட்டங்கள் தொடர்ந்து டிரா. 11வது ஆட்டத்தில் டிங் தன் ராணியைத் தவறாக நகர்த்த, குகேஷ் முன்னிலை பெற்றார். மறுநாளே 12வது ஆட்டத்தில் டிங் அபாரமாக ஆடிச் சமன் செய்தார். 13வது ஆட்டம் 69 நகர்த்தல்கள் நீடித்து டிரா ஆனது. ஆக, எல்லாம் அந்தக் கடைசி ஆட்டத்தில் வந்து நின்றது.

பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த கதை

கடைசி ஆட்டத்துக்குப் போவதற்கு முன், கறுப்புக் காய்களின் பின்னால் உட்கார்ந்திருந்த பையன் எங்கிருந்து வந்தான் என்பதைப் பார்க்க வேண்டும்.

சென்னை மேற்கு நோக்கி வளர்ந்து திருவள்ளூர் மாவட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும் இடத்தில் மேல் அயனம்பாக்கம் இருக்கிறது. அங்குள்ள வேலம்மாள் வித்யாலயா பள்ளியில்தான் குகேஷ் படித்தார். 2013ல் ஏழு வயதில், பள்ளியில் நடந்த சதுரங்க வகுப்பில்தான் காய்களைத் தொட்டார். பள்ளிப் பயிற்சியாளர் பாஸ்கர் அவரது முதல் குரு. பிரக்ஞானந்தாவும் வேலம்மாள் பள்ளி மாணவர்தான்.

அதே 2013 நவம்பரில் சென்னையில் ஓர் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. விஸ்வநாதன் ஆனந்த், தன் சொந்த ஊரிலேயே நார்வேயின் மேக்னஸ் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். இறுதிக் கணக்கு ஆறரைக்கு மூன்றரை. அப்போது பார்வையாளர்களில் ஒருவனாக ஏழு வயது குகேஷும் இருந்தான். கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தவன், ஒருநாள் தானும் உள்ளே உட்கார வேண்டும் என்று நினைத்ததைப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

நான்காம் வகுப்புக்குப் பிறகு குகேஷ் முறையாகப் பள்ளிக்குப் போகவில்லை. பெற்றோரும் பள்ளியும் அதற்கு இடம் கொடுத்தார்கள். அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர். மகனோடு ஊர் ஊராகப் போட்டிகளுக்குப் போவதற்காக மருத்துவத் தொழிலை நிறுத்தி வைத்தார். நுண்ணுயிரியல் துறையில் இருந்த அம்மாவின் சம்பளத்தில் வீடு ஓடியது.

இன்னொரு முக்கியமான முடிவும் அப்போது எடுக்கப்பட்டது. இன்றைக்குச் சிறுவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் என்ஜினில்தான் சதுரங்கம் பழகுகிறார்கள். எந்த நிலையைக் கொடுத்தாலும் எது சிறந்த நகர்த்தல் என்று அது நொடியில் சொல்லிவிடும். குகேஷின் பயிற்சியாளர், கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, அதை வேண்டாம் என்றார். தரப்புள்ளி 2500ஐ நெருங்கும்வரை குகேஷ் என்ஜின் இல்லாமலேயே பழகினார். பதில் தெரியாத நிலையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, தானே யோசித்துத் தானே முடிவுக்கு வரும் பழக்கம் அப்படித்தான் வந்தது. சிங்கப்பூரில் இது உதவியது.

2019 ஜனவரி 15 அன்று 12 வருடம் 7 மாதம் 17 நாள் வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். உலகிலேயே மிகச் சிறு வயது கிராண்ட்மாஸ்டர் என்ற அப்போதைய சாதனையை 17 நாளில் தவறவிட்டார். 2023 செப்டம்பரில் வெளியான தரப்பட்டியலில் ஆனந்தை முந்தினார். 1986ல் இருந்து 37 வருடங்கள் ஆனந்த் வைத்திருந்த இந்தியாவின் முதலிடம் கை மாறியது.

மாமல்லபுரத்தில் ஒரு பாடம்

குகேஷின் வாழ்க்கையில் வெற்றிகளை மட்டும் சொன்னால் 14வது ஆட்டம் புரியாது. ஒரு தோல்வியையும் சொல்ல வேண்டும்.

2022 ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் 44வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. இளைஞர்கள் நிறைந்த இந்தியாவின் இரண்டாவது அணிக்கு முதல் பலகையில் குகேஷ் ஆடினார். வயது 16. முதல் எட்டு ஆட்டங்களில் எட்டு வெற்றி! தங்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தரோவ் எதிரே உட்கார்ந்தார். குகேஷுக்கு நல்ல நிலை. வென்றால் அணி வெல்லும். ஆனால் நீண்ட ஆட்டத்தின் முடிவில், நேரம் குறைந்த நெருக்கடியில், குகேஷ் ஒரு குதிரையைத் தவறாக நகர்த்தித் தோற்றார். அணிப் போட்டி சமனில் முடிந்தது. கடைசியில் உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம், இந்திய இரண்டாவது அணிக்கு வெண்கலம். முதல் பலகைக்கான தனிநபர் தங்கம் குகேஷுக்குக் கிடைத்தும் அந்த வலி போகவில்லை.

களைத்த மூளை கடைசி நேரத்தில் என்ன செய்யும் என்பதை அவர் சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே கற்றுக்கொண்டார். நல்ல நிலையில் இருப்பவரும் தடுமாறுவார். அப்படியானால் எதிராளியும் தடுமாறலாம் அல்லவா?

கடைசி ஆட்டம்

இப்போது மறுபடியும் சிங்கப்பூர்.

டிங்குக்கு வெள்ளைக் காய்கள். முதல் நகர்த்தல் அவருடையது, எனவே சிறிய சாதகமும் அவருக்கே. ஆனால் அவர் ஆபத்தான வழி எதையும் தேடவில்லை. டிரா ஆனால் மறுநாள் குறைந்த நேர ரேபிட் ஆட்டங்களில் பட்டம் முடிவாகும். அதில் டிங்கே வலுவானவர் என்பது பொதுவான கணிப்பு. 2023ல் அவர் பட்டம் வென்றதும் ரேபிட் ஆட்டத்தில்தான். ஆகவே டிங்குக்கு டிரா போதும். குகேஷுக்குப் போதாது என்று சொல்ல முடியாது, ஆனால் அவர் அதை விரும்பவில்லை.

29வது நகர்த்தலில் டிங் ஒரு சிப்பாயைத் தானாகவே விட்டுக்கொடுத்து ராணிகளை மாற்றிக்கொண்டார். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் காரணம் உண்டு. பலகையில் காய்கள் குறையக் குறைய, ஒரு சிப்பாய் அதிகம் வைத்திருப்பவருக்கும் வெல்வது கடினமாகும். அதுவும் எல்லாச் சிப்பாய்களும் ஒரே பக்கத்தில் இருந்தால் இன்னும் கடினம். மிஞ்சியது இவ்வளவுதான்: இருவருக்கும் ஒரு யானை, ஒரு மந்திரி. குகேஷுக்கு மூன்று சிப்பாய், டிங்குக்கு இரண்டு. இந்த நிலை டிரா என்பது பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். நேரலையில் வர்ணனை செய்தவர்கள் மறுநாள் ரேபிட் ஆட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

குகேஷ் எழுந்து போகவில்லை. டிரா கேட்கவும் இல்லை. சிப்பாய்களை மெதுவாக முன்னே தள்ளினார். ராஜாவை வெளியே கொண்டுவந்தார். யானையை அங்கும் இங்கும் நகர்த்தினார். மிரட்டல் எதுவும் பெரிதாக இல்லை. ஆனால் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் டிங் ஒரு சரியான பதிலைக் கண்டுபிடித்தாக வேண்டும். கடிகாரத்தில் குகேஷுக்கு நிறைய நேரம் இருந்தது, டிங்குக்குக் குறைவு. மூன்று வாரமாக ஆடிய களைப்பு இருவருக்கும் உண்டு. நிலை சமம்தான், ஆனால் வேலை சமம் இல்லை. ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார், மற்றவர் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

இப்படியே இருபத்தைந்து நகர்த்தல்கள் போயின. வழியில் ஒரு ஜோடி சிப்பாய்கள் மாறின. குகேஷுக்கு இரண்டு சிப்பாய், டிங்குக்கு ஒன்று. 53வது நகர்த்தலில் டிங் தன் மந்திரியைப் பலகையின் மூலையான ஏ8 கட்டத்துக்குக் கொண்டுபோனார். அப்போதும் நிலை டிராதான்.

55வது நகர்த்தலில் டிங் தன் யானையை எஃப்2 கட்டத்துக்கு நகர்த்தி, "யானைகளை மாற்றிக்கொள்வோம்" என்றார். சாதாரணமாக அது நல்ல யோசனை. காய்கள் குறைந்தால் டிரா சுலபம். ஆனால் மூலையில் நின்ற மந்திரியை அவர் மறந்துவிட்டார். யானைகள் மாறியதும் குகேஷ் தன் மந்திரியை டி5 கட்டத்தில் வைத்தால், அதே மூலைவிட்டத்தில் நிற்கும் டிங்கின் மந்திரிக்குத் தப்பிக்க வழியே இல்லை. வெட்டினாலும் போகும், வெட்டாவிட்டாலும் போகும். மந்திரிகளும் மாறிவிட்டால் மிஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும்தான். அந்த நிலையில் இரண்டு சிப்பாய் ஒரு சிப்பாயை ஜெயிக்கும் என்பது சதுரங்கப் பள்ளிகளில் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம்.

குகேஷும் அதை உடனே பார்க்கவில்லை! வழக்கம்போல யானையை வேறு கட்டத்துக்கு நகர்த்தும் எண்ணத்தில்தான் இருந்தார் என்று அவரே பிறகு சொன்னார். கை போகும் முன்பு ஒருமுறை பலகையைப் பார்த்தார். மூலையில் மந்திரி. கண்கள் விரிந்தன. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், மறுபடியும் சரிபார்த்தார். எதிரே இருந்தவரின் முகத்தைப் பார்த்துத்தான் தான் தவறு செய்ததே டிங்குக்குப் புரிந்தது.

யானைகள் மாறின. மந்திரி டி5க்கு வந்தது. 58வது நகர்த்தலுக்குப் பிறகு டிங் கை கொடுத்தார்.

தவறுகளின் வரலாறு

உலகச் சாம்பியன் பட்டம் ஒரு தவறால் முடிவாவது இது முதல் தடவை அல்ல. 1892ல் கியூபாவின் ஹவானாவில் ஸ்டைனிட்ஸும் ரஷ்யாவின் சிகோரினும் மோதினார்கள். 23வது ஆட்டத்தில் சிகோரின் ஒரு காய் கூடுதலாக வைத்திருந்தார். வென்றால் கணக்கு சமனாகும். 32வது நகர்த்தலில் தன் ராஜாவுக்குக் காவலாக நின்ற மந்திரியை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். இரண்டே நகர்த்தலில் மேட்! பட்டம் ஸ்டைனிட்ஸிடமே தங்கியது.

2010 மே மாதம் பல்கேரியாவின் சோபியாவில் ஆனந்தும் டோபலோவும் பதினொரு ஆட்டங்களுக்குப் பின் சமநிலையில் இருந்தார்கள். கடைசியான 12வது ஆட்டத்தில் ஆனந்துக்கும் கறுப்புக் காய்கள்தான். ரேபிட் ஆட்டத்தில் ஆனந்தைச் சமாளிக்க முடியாது என்று பயந்த டோபலோவ், டிராவைத் தவிர்க்க எல்லை மீறிப் போய்த் தோற்றார். அங்கே ரேபிட்டுக்குப் பயந்தவர் தவறினார். சிங்கப்பூரில் ரேபிட்டை நம்பியவர் தவறினார்.

எல்லாவற்றையும்விடப் பொருத்தமான உதாரணம் 2014ல் ரஷ்யாவின் சோச்சியில் நடந்தது. ஆனந்துக்கும் கார்ல்சனுக்கும் மறு போட்டி. ஐந்து ஆட்டங்கள் முடிந்து இருவருக்கும் தலா இரண்டரை. ஆறாவது ஆட்டத்தின் 26வது நகர்த்தலில் கார்ல்சன் தன் ராஜாவைத் தவறான கட்டத்தில் வைத்தார். ஆனந்த் தன் குதிரையால் ஒரு சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டமே மாறியிருக்கும். கார்ல்சனுக்கு நகர்த்திய மறுகணமே தவறு தெரிந்துவிட்டது. ஆனால் ஆனந்த் கவனிக்கவில்லை. ஓரத்துச் சிப்பாயை முன்னே தள்ளினார். பிறகுதான் அவருக்கும் தெரிந்தது. அந்த ஆட்டத்தில் தோற்றார், போட்டியிலும் தோற்றார்.

ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற ஆனந்துக்கே நடந்தது அது. சாம்பியன் தவறு செய்யமாட்டார், அதனால் இது தவறாக இருக்காது என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிடும். எதிராளியின் தவறைப் பார்ப்பது, நல்ல நகர்த்தலைக் கண்டுபிடிப்பதைவிடச் சில நேரம் கடினம்.

ஆக, சோச்சியில் ஒரு தவறு நடந்தது, அது வரலாறு ஆகவில்லை. சிங்கப்பூரில் ஒரு தவறு நடந்தது, அது வரலாறு ஆனது. வித்தியாசம் தவறு செய்தவரிடம் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் இருக்கிறது.

கை கொடுத்த பிறகு

டிங் கை கொடுத்து எழுந்ததும் குகேஷ் அழுதார். அழுதுகொண்டே பலகையில் இருந்த காய்களை எல்லாம் எடுத்து ஆட்டம் தொடங்கும் நிலையில் ஒழுங்காக அடுக்கினார். அந்தக் காட்சியை உலகம் முழுவதும் மக்கள் பார்த்தார்கள். 1985ல் கேரி காஸ்பரோவ் 22 வயதில் செய்த சாதனை முறிந்தது. ஆனந்துக்குப் பிறகு பட்டம் வென்ற இரண்டாவது இந்தியர் ஆனார். இருவரும் சென்னைக்காரர்கள்.

பத்திரிகையாளர்கள் முன் டிங் பேசியது நினைவில் வைக்க வேண்டியது. அந்த வருடத்தில் தான் ஆடிய மிகச் சிறந்த போட்டி இது என்றார். முந்தைய நாள் ஆட்டத்தில் தான் அதிர்ஷ்டத்தால் தப்பித்ததை எண்ணிப் பார்த்தால் இந்த முடிவு நியாயமானதே, வருத்தம் இல்லை என்றார். குகேஷோ, டிங் உண்மையான சாம்பியன் என்றும், எல்லோரும் அவரைக் குறைத்துப் பேசியபோதும் போராடினார் என்றும் சொன்னார். "இது ஒரு வெற்றியா?" என்று கேட்டவர்களுக்கு, தோற்றவரே பதில் சொல்லிவிட்டார்.

இந்தப் போட்டியை நடத்தச் சென்னையும் விண்ணப்பித்திருந்தது. ஃபிடே சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்தது. சென்னையில் நடந்திருந்தால் கண்ணாடிக்கு வெளியே இன்னொரு ஏழு வயதுக் குழந்தை நின்று பார்த்திருக்கும். பரவாயில்லை. கோப்பை சென்னைக்கு வந்தது, வரவேற்பும் கலைவாணர் அரங்கில் நடந்தது.

சதுரங்க வகுப்பு முடிந்ததும் காய்களை முதல் நிலையில் அடுக்கிவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வழக்கம். மேல் அயனம்பாக்கத்தில் தொடங்கிய ஒரு மாணவன், உலகப் பட்டத்தை வென்ற நிமிடத்திலும் அதை மறக்கவில்லை. டிரா என்று எல்லோரும் முடிவு கட்டிய நிலையில் இருபத்தைந்து நகர்த்தல்கள் எழுந்திருக்காமல் இருந்ததும், ஜெயித்த பிறகு காய்களை அடுக்கியதும் ஒரே பழக்கத்தின் இரண்டு பக்கங்கள். தவறு டிங்குடையது. ஆனால் அந்தத் தவறு வரும்வரை அங்கே உட்கார்ந்திருந்த பொறுமை குகேஷுடையது.